நடுக் கட்டத்து வைகுந்தம்: பரமபத சோபானமும் அதன் நூறு கட்டப் புது வடிவமும்

வாசுதேவநல்லூரின் பெயரில் இருப்பவர் திருமால். ஊர்க் கோயிலில் இருப்பவரோ அர்த்தநாரீசுவரர். பக்கத்துச் சங்கரன்கோவிலில் இந்த இருவரும் ஓருருவாகச் சங்கரநாராயணராக நிற்கிறார்கள். அப்படி நின்றதற்குக் காரணம் இரண்டு பாம்புகள் என்கிறது தலபுராணம். சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று வழக்காடினார்கள். கோமதியம்மன் தவம் செய்தாள். இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் காட்சி கொடுத்தான். இன்றும் ஆடித்தபசுக்குப் போகிறவர்கள் அங்கிருந்து புற்றுமண் எடுத்து வருகிறார்கள்.

ஒரு பலகை விளையாட்டைப் பற்றிய ஆய்வைக் கோயில் கதையில் தொடங்கக் காரணம் உண்டு. இந்த வட்டாரத்தில் பாம்பு என்றால் கடித்துக் கீழே தள்ளுவது மட்டுமல்ல. வழக்காடுவதும் பாம்பு, தெய்வத்தைக் கண்டதும் பாம்பு, பெருமாளுக்குப் படுக்கையும் பாம்பு. பரமபத சோபானம் பிறந்து வளர்ந்தது இத்தகைய மனவுலகில்தான். அதிலிருந்து எடுத்துச் செய்யப்பட்ட நூறு கட்டப் 'பாம்பும் ஏணியும்' அட்டையில் பாம்பு வெறும் தண்டனையாகச் சுருங்கியது. ஆனால் பாம்பு மாறியது பெரிய மாற்றமில்லை. பழைய ஆட்டத்தில் போய்ச் சேரும் இடம் எங்கே இருந்ததோ, அந்த இடமே மாறிவிட்டது. அதைக் கட்டங்களை எண்ணித்தான் காட்ட முடியும்.

முதலில், மூலம் எது? ஒற்றை மூலம் இல்லை. ஞான சௌபர், மோட்சபட், பரமபத சோபானம் என்று பல பெயர்களில், பல கட்டக் கணக்குகளில் இது துணைக்கண்டம் முழுதும் ஆடப்பட்டது. சமணப் பலகைகளில் பெரும்பாலும் 84 கட்டங்கள். வைணவப் பலகைகளில் 72 கட்ட வகை பரவலானது. நேபாளத்து நாகபாசமும் அதே 72தான். சூஃபிகளிடம் நூறு கட்டங்கள் கொண்ட வகை இருந்தது. திபெத்தில் பௌத்தர்களும் இதன் உறவு ஆட்டமொன்றைச் சாக்கிய பண்டிதர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். மராட்டியத்து ஞானேசுவரர் 13ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டுபிடித்தார் என்று பள்ளிப் பாடம் முதல் கைபேசிச் செய்தி வரை எங்கும் படிக்கிறோம். அதை மரபுவழிச் செய்தியாக மட்டுமே கொள்ளலாம். இன்று கைக்குக் கிடைக்கும் ஞான சௌபர்ப் பலகைகள் 18ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. இந்தப் பலகைகளைத் தேடித் தொகுத்து ஒப்பிட்டவர்களில் முதன்மையானவர் ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்டு. 1985இல் வந்த அவருடைய நீண்ட கட்டுரைதான் இத்துறைக்கு அடித்தளம்.

72 கட்ட வகையை நுணுகிப் பார்க்க வசதியான வடிவம், ஹரீஷ் ஜோஹாரி 1975இல் 'லீலா' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளியிட்ட பலகை. வரிசைக்கு ஒன்பது கட்டமாக எட்டு வரிசை. எண்கள் உழவுச் சால்போல் இடமிருந்து வலமாகப் போய், அடுத்த வரிசையில் வலமிருந்து இடமாகத் திரும்பி, வளைந்து வளைந்து மேலேறும். மேல் வரிசை 64 முதல் 72 வரை. வைகுந்தம் 68. அந்த வரிசையை இடப்பக்கத்திலிருந்து எண்ணினாலும் வலப்பக்கத்திலிருந்து எண்ணினாலும் 68 ஐந்தாவது கட்டம். உச்சி வரிசையின் நட்டநடு. ஒருபக்கம் 67, உருத்திரலோகம். மறுபக்கம் 69, பிரம்மலோகம். மூவரும் அடுத்தடுத்து அமர்ந்திருக்க, நடு ஆசனம் திருமாலுக்கு.

அப்படியானால் 72 என்ன? அங்கே காத்திருப்பது பாம்பு. 68ஐத் தவறவிட்டுத் தாண்டியவர் 72 வரை போயாக வேண்டும். அங்கிருக்கும் தமோகுணப் பாம்பு அவரை 51க்கு, பூமிக்கு, இறக்கிவிடும். மறுபடி அங்கிருந்து ஏற வேண்டும். இந்தப் பலகையில் பெரிய எண் நல்ல எண் என்று பொருளில்லை. எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினவன் வீட்டு வாசலைத் தாண்டி ஓடிவிட்டவனாகவும் இருக்கலாம்.

ஏணிகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 54ஆம் கட்டத்துப் பக்தி நேராக 68இல் கொண்டுபோய் விடுகிறது. 37இல் இருக்கும் ஞானம் 66 வரைதான் ஏற்றும். வைகுந்தத்துக்கு இரண்டு கட்டம் முன்னால் விட்டுவிட்டு மீதியை உருட்டலிடம் ஒப்படைக்கிறது. 17இல் உள்ள தயையோ ஆளைத் தூக்கி 69இல் போடுகிறது. பலகையிலேயே நீளமான ஏற்றங்களில் ஒன்று அது. ஆனால் வைகுந்தத்துக்கு ஒரு கட்டம் அப்பால்! தயை காட்டியவனுக்குப் பிரம்மலோகம் உண்டு, பிறவி ஓயவில்லை. 72க்குப் போய்ப் பூமிக்குத் திரும்பியாக வேண்டும். பக்தியா, ஞானமா, நல்வினையா என்று பெரிய பெரிய உரைகள் எழுதி வாதாடிய விஷயத்துக்கு இந்தப் பலகை ஒரே ஒரு கட்ட வித்தியாசத்தில் வைணவத் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. சோழி உருட்டத் தெரிந்த குழந்தைக்கும் அது புரியும். யார் இதை வரைந்தாரோ, கெட்டிக்காரர்.

தொடக்கமும் கவனிக்கத்தக்கது. லீலாவில் எல்லாக் காய்களும் முதலில் 68இலேயே இருக்கும். ஆறு விழுந்தால் ஒருவர் அங்கிருந்து இறங்கி முதல் கட்டத்தில் பிறக்கிறார். புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதுதான் ஆட்டம். இதைப் பந்தயம் என்பதைவிடப் பயணம் என்று சொல்வதே பொருந்தும்.

இங்கே ஒரு பிழையைத் திருத்த வேண்டும். பழைய பலகைகளில் பாம்பு அதிகம், ஏணி குறைவு, ஆங்கிலேயர்தான் இரண்டையும் சமமாக்கினார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். சில பலகைகளுக்கு அது சரி. ஜோஹாரியின் பலகையில் பாம்பும் பத்து, ஏணிக்கு ஈடான ஏற்ற அம்பும் பத்து. எண்ணிக்கையை வைத்துக்கொண்டு 'இந்தியர் கடுமையானவர்கள், ஆங்கிலேயர் மன்னிப்பவர்கள்' என்று நாகரிக ஒப்பீடு செய்வது எளிது. ஆனால் அந்த ஒப்பீட்டை எல்லாப் பலகையும் தாங்காது.

ஆங்கில மறுஆக்கத்துக்கு வருவோம். லண்டன் விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் எஃப். எச். அயர்ஸ் 1892இல் பாம்பு ஏணி ஆட்டத்தைப் பதிவு செய்தார். இந்தியாவிலிருந்து ஆட்டத்தை எடுத்துச் செல்லும் பழக்கம் அப்போது புதிதல்ல. பச்சீசியிலிருந்து உருவான லூடோ 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. அமெரிக்காவில் அதன் இன்னொரு வடிவம் 1874லேயே வணிகக்குறி ஆகியிருந்தது. ஆட்டத்தின் வழியாக ஒழுக்கம் சொல்வதும் ஆங்கிலேயருக்குப் பழகியதே. 1800இல் லண்டனில் அச்சான 'மகிழ்ச்சி மாளிகை' என்ற சுருள்வழி ஆட்டம் நற்குணங்களுக்குப் பரிசும் தீக்குணங்களுக்குத் தண்டனையும் கொடுத்தது. ஆகவே பரமபதம் அறநெறி அறியாத நாட்டுக்குப் போய் அறத்தைத் தொலைத்துவிட்டது என்ற புலம்பல் பொருந்தாது. விக்டோரியா காலப் பலகைகளிலும் சிக்கனம் ஏணிதான், சோம்பல் பாம்புதான். ஏணியின் உச்சியில் இருந்த பலன் மட்டும் வேறு. முக்தி இருந்த இடத்துக்கு வெற்றியும் மனநிறைவும் வந்தன, நரகம் இருந்த இடத்துக்கு வறுமையும் அவமானமும் வந்தன.

வடிவம் அதைவிட ஆழமாக மாறியது. தொடக்க கால ஆங்கிலப் பலகைகள் சில சுருள் வடிவில் வந்தன. சுருளுக்கும் நடு உண்டு. ஆனால் சுருளில் நடுவும் முடிவும் ஒன்றே, தாண்டிப் போக வழியில்லை. பிறகு நிலைபெற்றது பத்துக்குப் பத்து, நூறு கட்டம். ஒன்பதுக்கு நடு உண்டு, பத்துக்கு நடு இல்லை. வரிசைக்குப் பத்துக் கட்டம் என்று ஆனவுடனேயே உச்சி வரிசையின் நடு ஆசனம் காணாமல் போகிறது. இலக்கு மூலைக்குத் தள்ளப்பட்டு, 100 என்ற கடைசி எண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்கு அப்பால் எதுவுமில்லை என்பதால், அதிக எண்ணே நல்ல எண் என்றாகிவிடுகிறது.

நூறு கட்டம் சூஃபிகளிடமும் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. அவர்கள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருந்தார்கள். இறைவனின் அரியணை நூறு கட்டங்களுக்குள் இல்லை. அவற்றுக்கு மேலே தனியாக இருக்கிறது. தன்னை இறைவனில் கரைத்துவிட்ட நிலையிலிருந்து அதற்கு ஏற்றம் உண்டு. எண்ணிக்கையால் எட்டாத இடம் என்று படமே காட்டிவிடுகிறது. ஆங்கில வடிவம் அந்த அரியணையையும் எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நடந்தவை விரைவானவை. கட்டங்களிலிருந்து எழுத்து உதிர்ந்தது. எண் மட்டும் மிஞ்சியது. 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரத்தை வைத்தது. பாம்பும் ஏணியும் மட்டும் வரைந்த வண்ண அட்டையாக, மறுபக்கம் லூடோவைச் சுமந்துகொண்டு, ஆட்டம் நம் ஊர்ப் பெட்டிக்கடைக்கே திரும்பி வந்தது. பிள்ளைகள் அதில் நூறு வரை எண்ணக் கற்றார்கள். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 2016இல் வந்த லூடோ கிங் செயலியிலும் அதே நூறு கட்டம்தான். இன்னொருபுறம், சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002இல் தொடங்கிய கிரீடா நிறுவனம் பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டத்தோடு பரமபதத்தையும் மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. தமிழ் மேடைப்பேச்சில் 'அரசியல் ஒரு பரமபதம்' என்று சொல்லும்போது மட்டும் பழைய பெயர் தானாக வந்துவிடுகிறது. அப்போதும் பேசுகிறவர் மனத்தில் இருப்பது பாம்பு, பதம் இல்லை.

மறுஆக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். பகடையையும் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் பரமபதத்துக்கு உருட்டியது இரண்டு நீளமான பித்தளைத் தாயக்கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நீள முகம்: ஒன்றில் எதுவுமில்லை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. முகங்கள் சமமாக விழும் என்று கொண்டால் பதினாறு விதமாக விழலாம். அதில் ஒன்று (தாயம்) விழ இரண்டு விதம், இரண்டு விழ மூன்று விதம், மூன்று விழ நான்கு விதம், நான்கு விழ மூன்று விதம், ஐந்து விழ இரண்டு விதம், ஆறும் பன்னிரண்டும் விழ ஒவ்வொரு விதம். சராசரி 3.75. ஆறுமுகப் பகடையின் சராசரி 3.5. வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு ஏற்ற இறக்கத்தில்தான்: ஆறுமுகப் பகடையில் எல்லா எண்ணும் சமம், தாயக்கட்டையில் மூன்று அடிக்கடி விழும், ஆறு அபூர்வம், ஏழு முதல் பதினொன்று வரை விழவே விழாது, திடீரென்று பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற வழக்கத்தையும் சேர்த்தால், எட்டு உருட்டலுக்கு மூன்று முறை கட்டை கையைவிட்டுப் போகாது. எங்கள் பக்கத்தில் கட்டை இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒருபுறம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்வார்கள்; அதன் கணக்கு வேறு.

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அதாவது தாயம் விழுந்தால்தான் பிறப்பு. அதற்கு வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டிய பிறகும் தாயம் விழாதிருக்க வாய்ப்பு ஏறத்தாழ 34 சதவீதம். மூன்று பேர் ஆடினால் ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. இன்றைய அட்டையில் இந்தக் காத்திருப்பைக் குறை என்று கருதி, முதல் உருட்டலிலேயே காயை நகர்த்த விடுகிறவர்கள் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டிய ஆட்டத்துக்கு அது சரிதான்.

பரமபதம் ஆடப்பட்டது மார்கழியில், வைகுண்ட ஏகாதசி இரவில். பட்டினி கிடந்து கண்விழிக்க வேண்டிய இரவு; விடியலில்தான் பரமபத வாசல் திறக்கும். சீக்கிரம் முடிகிற ஆட்டம் அந்த இரவுக்கு உதவாது. பாம்பு கடித்து இறங்குவதும், வைகுந்தத்தைத் தாண்டிப் பூமிக்குத் திரும்புவதும், தாயம் விழாமல் வெளியே உட்கார்ந்திருப்பதும் பொழுதை இழுத்துப் பிடிக்கும் வேலையைச் செய்தன. எட்டாவது உருட்டலிலும் பிறக்காதவர் தூங்கிப் போக மாட்டார். அடுத்த முறை கட்டை தன் கைக்கு வரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.