கடல் நடுவே வானை அளந்தவர்கள்

பொன்விழா மலருக்கு இயற்பியல் சார்ந்து ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தார்கள். பெரியோர் கூடிய அவையின் சொல்லைத் தட்டலாகாது. நம் கழகம் வளர்ந்த கதையை அன்பர்கள் அனைவரும் அறிவர். ஆகவே அதைத் தொடாமல், என் மனத்துக்கு உகந்த பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஆழ்கடலில் வளிமண்டல மின்சாரத்தை அளந்த வரலாறு.

முன்னோர் வாக்கு

புறநானூற்றின் 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடுகிறார். ஞாயிறு செல்லும் வழி, அதன் இயக்கம், காற்று வீசும் திசை, தாங்குவார் இன்றி நிற்கும் ஆகாயம் ஆகியவற்றை நேரே போய் அளந்து வந்தவர்களைப் போல, இவ்வளவு என்று சொல்லவல்லோர் இருந்தார்களாம். போகாமலே சொன்னவர்களைப் புலவர் இப்படிப் போற்றுகிறார் என்றால், போய் அளந்தவர்களைக் கண்டிருந்தால் எப்படிப் பாடியிருப்பாரோ!

திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் ஆண்டாள் நாச்சியார் மழைக்குரிய தேவனைக் கடலுக்குள் புகுந்து நீரை முகந்து முழக்கத்தோடு மேலே ஏறச் சொல்கிறார். அவன் ஊழி முதல்வனின் திருமேனி போலக் கறுத்து, பெருமாள் கைச் சக்கரம் போல மின்னி, சங்கு போல அதிர வேண்டும். மணிவாசகப் பெருமானோ திருவெம்பாவையில் அதே முகிலில் உமையம்மையின் திருமேனியையும், மின்னலில் அவள் இடையையும் கண்டார். சைவமும் வைணவமும் ஒருசேரக் கடலையும் முகிலையும் மின்னலையும் ஒரே தொடராகக் காட்டியிருக்க, வானத்து மின்சாரத்தைத் தேடியவர்கள் கடலுக்குப் போனதில் எனக்கு வியப்பில்லை.

கார்னகி கப்பல்

மேகமற்ற தெளிந்த வானிலும் மின்புலம் உண்டு. தரைக்கு அருகில் ஒரு மீட்டர் உயர்ந்தாலே மின்னழுத்தம் நூறு வோல்ட் அளவுக்குக் கூடும். நிலத்தின் மேல் இந்த அளவு ஊருக்கு ஊர் மாறும். அடுப்புப் புகையும் ஆலைப் புகையும் தூசியும் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும்; மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயு புதிய அயனிகளை உண்டாக்கும். இந்தக் குழப்பங்கள் கரையை விட்டு வெகுதூரம் போனால்தான் அடங்கும்.

வாஷிங்டன் கார்னகி நிறுவனம் 1909இல் புரூக்ளினில் ஒரு பாய்மரக் கப்பலைக் கட்டியது. புவிகாந்தத்தை அளப்பதே அதன் முதற்பணி. அதனால் ஏறத்தாழ இரும்பே சேர்க்காமல், மரத்தாலும் செம்பாலும் வெண்கலத்தாலும் அதை உருவாக்கினார்கள். நங்கூரமும் வெண்கலம். 1929 வரை அது ஏழு பயணங்கள் சென்றது. இரண்டாம் பயணத்தில் 1911இல் கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்து போயிற்று.

வளிமண்டல மின்சாரம் அதன் துணைப்பணி. கப்பலின் உடலும் பாய்மரமும் மின்புலத்தைத் திரிக்கும். அதனால் கரையில் சமதளத்தில் எடுத்த அளவோடு ஒப்பிட்டு, கப்பல் அளவை எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்று கணித்தார்கள். மின்காப்பிகளில் கடலின் ஈரமும் உப்பும் படிந்தால் மின்னூட்டம் கசிந்துவிடும்; அவற்றை ஓயாமல் துடைத்துப் பேண வேண்டும். ஆடும் தளத்தில், இரவு பகலாக, மணிக்கு மணி அளவெடுத்தவர்களின் பொறுமையைத் தவம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அந்தக் குறிப்புகளை ஆராய்ந்த மாச்லி 1920களின் தொடக்கத்தில் ஓர் உண்மையைக் கண்டார். பசிபிக்கோ அட்லாண்டிக்கோ இந்தியப் பெருங்கடலோ, எங்கே அளந்தாலும் மின்புலம் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கியது. அங்கங்கே சூரியன் காட்டும் நேரத்துக்கு அது கட்டுப்படவில்லை. உச்சம் கிரீன்விச் நேரம் மாலை ஏழு மணியளவில். தாழ்வு அதிகாலை மூன்று மணியளவில். நம் கடிகாரத்தில் நள்ளிரவு பன்னிரண்டரையும் காலை எட்டரையும். இதன் வரைபடமே கார்னகி வளைகோடு.

காரணத்தை சி.டி.ஆர். வில்சன் முன்பே ஊகித்திருந்தார். உலகெங்கும் இடிமேகங்கள் மின்னோட்டத்தை மேலே செலுத்துகின்றன. தெளிந்த வானம் உள்ள இடங்களில் அது மெல்லக் கீழே இறங்குகிறது. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று பிற்பகல் இடிமழை நகர்ந்துசெல்லும் ஒழுங்கோடு இந்த வளைகோட்டின் போக்கு ஒத்துவருவதை 1929இல் விப்பிள் காட்டினார்.

அதே 1929 நவம்பரில் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் பெட்ரோல் ஏற்றும்போது வெடித்து, கப்பல் எரிந்துபோனது. தலைவர் ஆல்ட் உயிர்நீத்தார். அவர்கள் அளந்தது அழியவில்லை. 1967இல் உலகைச் சுற்றிய ஓர் ஆய்வுக்கப்பலின் அளவுகளைப் பழைய அளவுகளோடு ஒப்பிட்டபோது, வட அட்லாண்டிக் காற்றின் மின்கடத்துதிறன் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு சரிந்திருந்தது. தென் பசிபிக்கில் மாற்றம் இல்லை. வடக்கின் ஆலைப் புகை நடுக்கடல் வரை போய்விட்டதற்கு அதுவே சான்றாயிற்று.

மாணவச் செல்வங்களுக்கு

நம் நெல்லைச் சீமையில் கிருஷ்ணாபுரத்து ஆய்வகமும் இந்தத் துறையில் அளவெடுத்து வருவது நமக்குப் பெருமை. இளைஞர்களே, நீங்களும் அளக்கப் பழகுங்கள். எதை அளந்தாலும் இடம், நேரம், வானிலை, கருவியின் திருத்தம் நான்கையும் உடனே எழுதி வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து நூற்றாண்டு மலர் வெளிவரும்போது, உங்கள் ஏட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாணவர் வருவார். அவரை நம்பி எழுதுங்கள். இறையருள் துணை நிற்க!