நிலம், நீர், வான்: ஒரு சார்ட்டின் கதை

"போக்குவரத்து சாதனங்கள் படம் ஒட்டிட்டு வா" என்று டீச்சர் சொல்லிவிட்டால் போதும். அன்று மாலை ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஸ்டேஷனரிக் கடைகளில் பிள்ளைகள் மொய்த்துவிடுவார்கள். மாட்டு வண்டி, சைக்கிள், பஸ், கார், ரயில், கப்பல், விமானம் என்று கட்டம் கட்டமாகப் படங்கள், கீழே பெயர்கள். சார்ட் தாளின் முதுகில் விளக்கக் குறிப்பு இருக்கும். முன்னால் பஸ்ஸை வெட்டினால் பின்னால் குறிப்பு பாதியில் அறுந்துபோகும். வீட்டில் பசை இல்லையென்றால் சோற்றுப் பருக்கை.

இந்தப் படங்கள் பிறந்த ஊர் பக்கத்திலிருக்கும் சிவகாசிதான்.

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். முதலில் கல் அச்சு: சுண்ணாம்புக் கல்லில் ஓவியர் இடவலம் மாற்றி வரைவார், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டிய சாமி படங்கள் சிவகாசி காலண்டர்களாக நாடெங்கும் போயின. ஆப்செட் அச்சு வந்தபின் நோட்டு அட்டை, டைரி, பள்ளிச் சார்ட் எல்லாம் அதே இயந்திரங்களில் வந்து விழுந்தன.

1927-ல் விருதுநகர்–தென்காசி மீட்டர் கேஜ் பாதை திறந்தபோது சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மூன்றும் ஒரே தண்டவாளத்தில் கோக்கப்பட்டன. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் என்ற நூற்பாலையைத் தொடங்கினார். ஷிப்டுக்கு சைக்கிள், சந்தைக்கு பஸ், தூரத்துக்கு ரயில் என்று பழகிய ஊர்கள் இவை. சார்ட்டில் மட்டும் அந்தப் பழக்கம் தெரியாது. நிலம், நீர், வான் என்று மூன்றே பிரிவு. ஊரையே ஏற்றிப்போகும் பஸ்ஸுக்கும் நாலு பேர் போகும் காருக்கும் ஒரே அளவுக் கட்டம். எத்தனை பேர், எவ்வளவு புகை என்ற கணக்குக்கு அதில் இடமில்லை.

அந்தக் கணக்கைப் படிப்பில் நுழைக்க வழி திறந்தது 1991-ல். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. தியேட்டர்களில் சுற்றுச்சூழல் ஸ்லைடுகளை இலவசமாகக் காட்டவும் உத்தரவிட்டது. படம் போதிக்கும் என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்ட மாதிரி!

ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரம் அந்தக் கணக்கையே ஒரு போஸ்டரில் செய்து காட்டியது. அதே தெரு, அதே 72 பேர், மூன்று படங்கள்: ஒன்றில் 72 சைக்கிள், ஒன்றில் 60 கார், ஒன்றில் ஒரே ஒரு பஸ். காருக்குத் தெரு முழுக்கத் தேவைப்பட்டது. பஸ் ஓர் ஓரத்தில் அடங்கிவிட்டது. இதை நம் பிள்ளைகள் நோட்டில் ஒட்டுவதென்றால் பஸ்ஸுக்கு ஒரு சார்ட் போதும். காருக்கு அறுபது சார்ட் வாங்க வேண்டும்.

2004 வாக்கில் விருதுநகர்–தென்காசி மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையாகி, பொதிகை எக்ஸ்பிரஸ் சென்னைக்கு ஓடத் தொடங்கியது. இப்போது அதே பாதையில் தலைக்கு மேல் மின்கம்பி. கடைகளில் தொங்கும் சார்ட்டுகள் பலவற்றில் ரயில் என்றால் இன்னும் கரும்புகை விடும் நீராவி இன்ஜின்தான்.