மேன் வெர்சஸ் வைல்ட்

மேன் வெர்சஸ் வைல்ட் என்பது ஆளரவமற்ற இடங்களில் வழிதவறியவரோ விபத்தில் சிக்கியவரோ உயிர்பிழைப்பதற்கான முறைகளைச் செய்து காட்டிய ஒரு தொலைக்காட்சித் தொடர் ஆகும். பிரித்தானியரான பியர் கிரில்ஸ் இதனைத் தொகுத்து வழங்கினார். டிஸ்கவரி அலைவரிசையில் 2006 ஆம் ஆண்டு தொடங்கி 2011 ஆம் ஆண்டு வரை ஏழு பருவங்களாக இது ஒளிபரப்பானது. ஐக்கிய இராச்சியத்தில் சேனல் 4 அலைவரிசை இதே தொடரை 'பார்ன் சர்வைவர்' என்ற பெயரில் ஒளிபரப்பியது. வேறு பல நாடுகளில் இது 'அல்டிமேட் சர்வைவல்' எனப்பட்டது. தமிழ்க் குரலுடன் ஒளிபரப்பானபோது தமிழ்நாட்டிலும், குறிப்பாகச் சிறுவர்களிடையே, பெரிதும் விரும்பிப் பார்க்கப்பட்டது.

தொகுப்பாளர்

எட்வர்ட் மைக்கேல் கிரில்ஸ் என்பது இவரது இயற்பெயர். 1974 ஆம் ஆண்டு சூன் 7 அன்று பிறந்தார். பிரித்தானிய இராணுவத்தின் சிறப்பு வான்சேவைப் பிரிவில் சேமப்படை வீரராக இருந்தவர். 1996 இல் சாம்பியாவில் வான்குடையிலிருந்து விழுந்ததில் இவரது முதுகெலும்பு முறிந்தது. எனினும் 1998 மே மாதம், தமது 23 ஆம் வயதில், எவரெசுட்டு சிகரத்தை எட்டினார். 2009 முதல் 2024 வரை ஐக்கிய இராச்சியச் சாரணர் இயக்கத்தின் தலைமைச் சாரணராகவும் இருந்தார்.

நிகழ்ச்சியின் அமைப்பு

ஒவ்வொரு பகுதியிலும் கிரில்ஸ் ஒரு படப்பிடிப்புக் குழுவுடன் பாலைவனம், பனிமலை, மழைக்காடு, சதுப்புநிலம் போன்ற ஓரிடத்தில் இறக்கிவிடப்படுவார். அவரிடம் பெரும்பாலும் ஒரு கத்தி, ஒரு தண்ணீர்க் குப்பி, தீ மூட்டும் கல் ஆகியவை மட்டுமே இருக்கும். அங்கிருந்து மனித நடமாட்டம் உள்ள இடத்தை அவர் சென்றடைய வேண்டும். முதல் பகுதி ராக்கி மலைத்தொடரில் படமாக்கப்பட்டது. பின்னர் அலாஸ்கா, ஆல்ப்சு, சகாரா, சைபீரியா, போர்ணியோ முதலிய இடங்களுக்கும் குழு சென்றது.

காட்டப்பட்ட திறன்கள்

தீ மூட்டுதல், தங்குமிடம் அமைத்தல், நீர் தேடுதல், சூரியனைக் கொண்டு திசை அறிதல், தேடுவோருக்குச் சைகை கொடுத்தல் ஆகியன தொடர் முழுவதும் மீண்டும் மீண்டும் வருபவை. இவற்றுள் சில மிகப் பயனுள்ளவை. பனி உறைந்த ஏரியில் கிரில்ஸ் தாமே இறங்கி வெளியேறிக் காட்டிய காட்சியை இதற்குச் சான்றாகக் கூறலாம். பனிப்பாளம் உடைந்து நீரில் விழுபவருக்கு முதலில் மூச்சுத் திணறும். அது அடங்கும்வரை மிதந்திருந்து, பின் தாம் வந்த திசைக்கே திரும்ப வேண்டும். அந்தப் பக்கத்துப் பனிதான் சற்று முன்பு வரை அவரது எடையைத் தாங்கியிருந்தது. கால்களை உதைத்து உடலைக் கிடைமட்டமாக்கி மேலே ஏறியபின் எழுந்து நிற்காமல் உருண்டு செல்ல வேண்டும். எழுந்து நின்றால் எடை முழுவதும் ஓரிடத்தில் விழுந்து பனி மீண்டும் உடையும்.

ஆனால் தொடருக்குப் புகழ் தேடித் தந்தவை வேறு வகைக் காட்சிகளே. ஆப்பிரிக்கப் புல்வெளியில் யானையின் இலத்தியைப் பிழிந்து நீர் அருந்தியது, சகாராவில் இறந்த ஒட்டகத்தின் உடலைத் தங்குமிடமாகக் காட்டியது, புழுக்களையும் பூச்சிகளையும் பச்சையாக உண்டது போன்றவை பரவலாகப் பேசப்பட்டன. காற்றின்றி 3 நிமிடம், கடுங்குளிரிலோ வெயிலிலோ ஒதுங்க இடமின்றி 3 மணி நேரம், நீரின்றி 3 நாள், உணவின்றி 3 வாரம் என்பது இத்துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. இதன்படி உணவு கடைசித் தேவையாகும். தொடரிலோ அதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கப்பட்டது. சிறுநீரை அருந்திய காட்சியும் அவ்வாறே தவறான எண்ணத்தை ஏற்படுத்தக் கூடியது. அதிலுள்ள உப்புகளை வெளியேற்ற உடலுக்கு மேலும் நீர் தேவைப்படும் என்பதால், அமெரிக்க இராணுவத்தின் உயிர்பிழைத்தல் கையேடு சிறுநீரை அருந்தக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்துள்ளது.

2007 சர்ச்சை

2007 சூலையில், தொடரில் ஆலோசகராகப் பணியாற்றிய ஒருவர் சில செய்திகளை வெளியிட்டார். ஆளில்லாத் தீவில் தனித்து விடப்பட்டவராகக் காட்டப்பட்ட கிரில்ஸ் உண்மையில் அவாய் தீவுகளில் இருந்தார் என்றும், சில இரவுகளை விடுதியில் கழித்தார் என்றும் அவர் கூறினார். கிரில்ஸ் கட்டியதாகக் காட்டப்பட்ட தெப்பத்தைக் குழுவினர் முன்னரே கட்டிப் பார்த்துப் பிரித்து வைத்திருந்தனர் என்பதும், சியேரா நெவாடாவில் காட்டுக் குதிரைகள் எனப்பட்டவை வாடகைக்குக் கொண்டுவரப்பட்டவை என்பதும் பிற குற்றச்சாட்டுகள். இது நிகழ்வுகளை உள்ளவாறே பதிவு செய்யும் ஆவணப்படம் அன்று, செய்முறை வழிகாட்டியே என்று சேனல் 4 விளக்கமளித்தது. அதன்பின் பழைய பகுதிகள் திருத்தப்பட்டன. குழுவினருக்குத் தேவைப்படும்போது உதவி கிடைக்கிறது என்றும், சில சூழல்கள் செய்துகாட்டுவதற்காகவே ஏற்படுத்தப்படுகின்றன என்றும் அறிவிப்புகள் சேர்க்கப்பட்டன.

விடுதியில் உறங்கியது பார்வையாளருக்குத் தீங்கு செய்வதன்று. மீட்புப் பணியாளர்கள் எடுத்துக்காட்டும் குறையே பெரிது. வழிதவறியவர் பொதுவாக இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது தேடல் மற்றும் மீட்புத் துறையின் அடிப்படை அறிவுரை. அவர் நகர நகரத் தேட வேண்டிய பரப்பு விரிந்துகொண்டே செல்லும். கிரில்ஸ் ஒவ்வொரு முறையும் நடக்கிறார், பாறைகளில் இறங்குகிறார், ஆற்றில் குதிக்கிறார். ஒரே இடத்தில் அமர்ந்து காத்திருப்பதைப் படமாக்கினால் பார்ப்பவர் இருக்கமாட்டார். தனியே உள்ள ஒருவருக்குக் கணுக்கால் முறிவதே உயிருக்கு ஆபத்தாகலாம். குழு உடனிருக்கும் கிரில்சுக்கு அந்த ஆபத்து குறைவு. இதே காலத்தில் வந்த 'சர்வைவர்மேன்' தொடரில் கனடியரான லெஸ் ஸ்ட்ராவுட் குழு ஏதுமின்றி, படக்கருவிகளைத் தாமே சுமந்து, ஏழு நாட்கள் வரை தனித்திருந்தார். அதில் சாகசம் குறைவு. பசியும் சோர்வும் காத்திருப்புமே மிகுதி.

பார்வையாளர் மீதான தாக்கம்

தொடரால் பயன் விளைந்ததும் உண்டு. 2009 சூன் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆசுலி தேசியக் காட்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் குடும்பத்தினரை விட்டுப் பிரிந்து வழிதவறினான். தனது மஞ்சள் நிற மழையங்கியைக் கிழித்து, துண்டுகளை வழியிலிருந்த மரங்களில் கட்டிச் சென்றான். இரவை விழுந்து கிடந்த மரத்தினடியில் கழித்தான். மறுநாள் நலமுடன் மீட்கப்பட்டான். மேன் வெர்சஸ் வைல்ட் பார்த்தே இதனைக் கற்றதாக அவன் கூறினான். அவனுக்கு உதவியது தொடரின் மிக எளிய பாடங்களுள் ஒன்று.

பிற்காலம்

2010 இல் கிரில்ஸ் நகர்ப்புற ஆபத்துகளைப் பற்றிய 'வொர்ஸ்ட் கேஸ் சினாரியோ' என்ற தொடரை வழங்கினார். 2012 மார்ச்சில் ஒப்பந்தம் தொடர்பான கருத்து வேறுபாட்டால் டிஸ்கவரி அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டது. பின்னர் இணக்கம் ஏற்பட்டு, இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி பங்கேற்ற சிறப்புப் பகுதி இதே பெயரில் 2019 ஆகத்து 12 அன்று ஒளிபரப்பானது. இது உத்தராகண்டத்தின் கார்பெட் தேசியப் பூங்காவில் படமாக்கப்பட்டது. நடிகர் ரஜினிகாந்த் கருநாடகத்தின் பந்திப்பூர் காட்டில் கிரில்சுடன் தோன்றிய 'இன்டு த வைல்ட்' பகுதி 2020 மார்ச் 23 அன்று ஒளிபரப்பானது.