திரைக்குப் பின்னே ஒரு குரல்

ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர்களில் பங்குனி, சித்திரை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா நடைபெறும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. நான் சிறுவனாக இருந்த நாள்களில், மலைமேல் உள்ள சிற்றூர்களிலிருந்தும் மக்கள் இறங்கி வருவார்கள். போர்வையும் சோற்று மூட்டையுமாக, குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு, பல மைல் நடந்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் தரையில் இடம்பிடித்து அமர்வார்கள்.

கூத்தில் முதலில் வருவது நடிகரின் முகம் அன்று, அவருடைய குரல். இருவர் ஒரு துணித் திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னிருந்து திரை விருத்தம் எழும். சலங்கை ஒலிக்கும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் அசையும். துரியோதனன் யார் வீட்டுப் பிள்ளை, எந்தச் சண்டையில் மடிவான் என்பதெல்லாம் அங்கே அமர்ந்திருந்த குழந்தைக்கும் தெரியும். ஆயினும் எவரும் உறங்குவதில்லை. கதை எப்படி முடியும் என்று அறிய அவர்கள் வரவில்லை. "இந்த வருஷம் துரியோதனன் வேஷம் அவருதான்" என்ற ஒரு சொல்லுக்காக வந்தவர்கள் அவர்கள்.

தெரிந்த கதையில், விரும்பிய நடிகரைக் காணக் காத்திருக்கும் இந்த ஆவலைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறேன். ஏனெனில், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் உயிர் வாழ்வதும் இதே ஆவலினால்தான்.

தரையில் நின்றவர்கள்

ஷேக்ஸ்பியர் என்றதும் நம் நினைவுக்கு வருவது கல்லூரிப் பாடநூலும், அடிக்குறிப்புகளும், தேர்வு அச்சமும்தாம். ஆனால் 1599-ஆம் ஆண்டில் லண்டனில் எழுந்த குளோப் அரங்கம் கற்றவர்களுக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. ஒரு பென்னி கொடுத்தவர்கள் திறந்த முற்றத்தில் நின்றபடியே நாடகம் பார்த்தார்கள். நம் ஊர்த் திரையரங்குகளின் தரை டிக்கெட்டுக்காரர்களின் முன்னோர் என அவர்களைச் சொல்லலாம். கூத்தைப் போலவே அங்கும் பெண் வேடங்களை ஆண்களே தாங்கினர். இளஞ்சிறுவர்களே அந்நாடகங்களின் நாயகியர்.

அந்த மக்கள் ரிச்சர்டு பர்பேஜ் என்ற நடிகரைக் காணத் திரண்டனர். ஹாம்லெட், ஒத்தெல்லோ, லியர் மன்னன் ஆகிய பாத்திரங்களுக்கு முதன்முதலில் உடல் தந்தவர் அவர். 1619-இல் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட இரங்கற்பா ஒன்று, அவரோடு இந்தப் பாத்திரங்களும் இறந்துவிட்டதாகப் புலம்புகிறது. ஷேக்ஸ்பியர் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1616-இல் இறந்திருந்தார். நாடகத்தை எழுதியவரின் சொற்கள் ஏட்டில் எஞ்சின. நடித்தவரின் கலையோ அவருடன் மண்ணுக்குள் சென்றது. நாடகக் கலையின் பெருமையும் துயரமும் இதுவே.

அமலாதித்யனான ஹாம்லெட்

தமிழகத்தில் இந்த ஆவலை விதைத்தவர்களுள் முதன்மையானவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). 1891-இல் பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு குழுவின் தெலுங்கு நாடகங்களைக் கண்டு மனம் பறிகொடுத்த அவர், அதே ஆண்டில் நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. பின்னாளில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றிய அவர், மாலை வேளைகளில் அரிதாரம் பூசிக்கொண்டார். கற்றவர்கள் மேடையேறுவதை இழிவாகக் கருதிய காலத்தில் அது சிறிய துணிவன்று.

ஷேக்ஸ்பியரை அவர் தமிழுக்குக் கொணர்ந்த முறை கருதத்தக்கது. ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். மாக்பெத் 'மகபதி' ஆனான். வெனிசு நகரத்து வணிகன் 'வாணீபுர வணிக'னாக மாறினான். சிம்பலின் 'சிம்மளநாதன்' ஆனான். மூலப் பெயரின் ஓசை காதில் நிற்க, தமிழ்ச் செவிக்கும் அந்நியமாகாத பெயர்கள் இவை. அமலாதித்யனாக அவரே மேடையில் நின்றார். அவருக்கு இணையாகப் பல்லாண்டுகள் பெண் வேடம் தாங்கியவர் ரங்கவடிவேலு. இவ்விருவரையும் ஒருங்கே காணவென்றே மக்கள் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தை நாடினர்.

இன்று அந்த அமலாதித்யன் எங்கே? அச்சிட்ட நாடகம் இருக்கிறது. சம்பந்த முதலியார் எழுதிய 'நாடக மேடை நினைவுகள்' இருக்கிறது. அன்று மண்டபத்தில் எழுந்த அந்தக் குரல் மட்டும் இல்லை. பர்பேஜுக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்தது.

வெள்ளித்திரை தந்த துண்டுகள்

என் தலைமுறையினருக்கு விருப்ப நடிகர் என்றால் பெரும்பாலும் சிவாஜி கணேசன்தான். நாடகக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து, அங்கேயே உணவும் தொழிலும் பெற்று வளர்ந்தவர் அவர். மேடையில் தாங்கிய வேடமே அவருக்குப் பெயராகவும் அமைந்தது. சம்பந்த முதலியாரின் 'மனோகரா' 1954-இல் திரைப்படமானபோது, தாயின் கட்டளைக்கும் தன் சினத்துக்கும் நடுவே சங்கிலியோடு நின்ற இளவரசனை அவர்வழியே கண்டோம். அவனிடம் ஹாம்லெட்டின் சாயல் சற்றே உண்டு.

'இரத்தத் திலகம்' (1963) படத்தில் அவர் ஒத்தெல்லோவாக ஒரு காட்சியில் தோன்றினார். 'ராஜபார்ட் ரங்கதுரை'யில் (1973) ஹாம்லெட்டாக நின்றார். சில நிமிடங்களே ஆயினும், "இவரை லியர் மன்னனாக மேடையில் முழு இரவும் காண வேண்டும்" என்ற ஏக்கத்தை அக்காட்சிகள் எங்களுள் விதைத்துவிட்டன. அந்த ஏக்கம் ஏக்கமாகவே நின்றது. 2001-இல் அவர் மறைந்தார். துண்டுக் காட்சிகளை இன்றும் கைப்பேசியில் எத்தனை முறை வேண்டுமானாலும் காணலாம். ஆனால் திரைக்குப் பின்னிருந்து குரல் எழும் அந்தக் கணத்தில், நாமும் அவரும் ஒரே காற்றைச் சுவாசிக்கும் நெருக்கத்தை எந்தக் கருவியும் தர இயலாது.

அயலார் கதை நம் கதையாதல்

"ஷேக்ஸ்பியர் நகரத்தாருக்குச் சரி, நாட்டுப்புற மக்களுக்குப் புரியுமா?" என்று கேட்போர் உண்டு. வரலாறு இதற்கு விடை கூறியிருக்கிறது.

கல்கத்தாவில் இயேசு சபையார் நடத்தும் தூய சவேரியார் கல்லூரியில் பயின்றவர் உத்பல் தத். அவரது மாணவப் பருவ நடிப்பைக் கண்ட ஆங்கில நடிகர் ஜெப்ரி கெண்டல், இந்தியாவெங்கும் பள்ளிகளிலும் அரண்மனைகளிலும் ஷேக்ஸ்பியரை நடித்துச் சென்ற தம் குழுவில் 1947-இல் அவரைச் சேர்த்துக்கொண்டார். பின்னர் அதே உத்பல் தத், ஆங்கிலம் அறிந்த சிலருக்கே நடிப்பது போதாதென்று, மாக்பெத்தை வங்க மொழியில் ஆக்கிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார். தங்கள் ஜாத்திரை நாடகங்களைக் கண்டு பழகிய உழவர்கள் அதனைத் தமதாகவே ஏற்றுக்கொண்டனர்.

கத்தோலிக்கராகிய நமக்கு இது புதிதன்று. கேரளக் கடற்கரைக் கத்தோலிக்கர் பல தலைமுறைகளாக ஆடிவரும் சவிட்டு நாடகத்தில் பிரெஞ்சு நாட்டுப் பேரரசர் சார்லிமேனின் கதை முதலிடம் பெறுகிறது. அதன் பாடல்களில் தமிழ் மிகுதியாகக் கலந்திருக்கிறது. சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழரையே அதன் முன்னோடியாக மரபு போற்றுகிறது. பிரான்சு தேசத்தைக் கண்டறியாத மீனவர்கள் அந்த மன்னனின் முடியைச் சூடி மேடையதிர மிதித்து ஆடினார்கள். 1989-இல் லியர் மன்னன் கதகளியாகவும் உருப்பெற்றான்.

செய்யாறு அருகிலுள்ள புரிசை, தெருக்கூத்துக்குப் புகழ்பெற்ற ஊர். அவ்வூர்க் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனிடம் கூத்துப் பயின்ற பாரிசு நகர நடிகர்கள், 2016-இல் அரியான் முனுஷ்கின் உருவாக்கிய நாடகத்தில் நம் கூத்தை ஆடிக் காட்டினர். 1980-களில் ஆசிய நாடக மரபுகளின் துணையோடு ஷேக்ஸ்பியரை மேடையேற்றிப் புகழ்பெற்ற இயக்குநர் அவர்.

ஆயினும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. 2012-இல் லண்டனில் மீண்டும் எழுப்பப்பட்ட குளோப் அரங்கில், ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்கள் 37 மொழிகளில் நடிக்கப்பட்டன. இந்தி, உருது, வங்கம், குஜராத்தி ஆகியவை அங்கு ஒலித்தன. தமிழ் ஒலிக்கவில்லை. அமலாதித்யனைத் தந்த மொழிக்கு அங்கே ஓர் இரவும் வாய்க்கவில்லை.

என் காத்திருப்பு

மலையடிவாரத்தில் நாடக உணர்வு அற்றுப்போய்விடவில்லை. சலேசிய சபையார் 1951-இல் தொடங்கிய திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் கி. பார்த்திபராஜா உருவாக்கிய மாற்று நாடக இயக்கம், மாணவர்களை மேடைக்கு அழைத்து வந்தது. விதை இருக்கிறது, நிலமும் இருக்கிறது.

நானும் ஓர் ஆசையை வளர்த்து வருகிறேன். சிறுவயதில் எந்தத் துரியோதனனுக்காக நான் விழித்திருந்தேனோ, அவர் இன்றும் அருகிலுள்ள ஊரில் வாழ்கிறார். எழுபதைக் கடந்தவர். பெயரை எழுதினால் கூச்சப்படுவார். சென்ற தைத் திங்களில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து லியர் மன்னன் கதையைச் சொன்னேன். உயிரோடு இருக்கும்போதே நாட்டை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, உண்மை பேசிய கடைசி மகளை விரட்டிவிட்டு, மழையிலும் புயலிலும் வீடின்றி அலைந்த கிழவனின் கதை. குறுக்கிடாமல் கேட்டார்.

"நம்ம ஊர்லயும் நெலத்த எழுதிக் குடுத்துட்டுத் திண்ணையில படுத்துக் கெடக்கிறவங்க இருக்காங்களே, தம்பி" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

"வாத்தியாரே, இந்த வேஷத்த நீங்க கட்டணும்" என்றேன்.

சிரித்தார். "கூத்துல ராஜா வேஷம் கிரீடத்தோட வருவான், கிரீடத்தோடதான் போவான். இவன் நடுவுல கழட்டிடறானே. கழட்டிட்டு நிக்கறவன எப்படி ஆடறது?"

ஷேக்ஸ்பியரைப் பற்றி நான் படித்த எந்த நூலும் லியரின் துயரத்தை இத்தனை எளிதாக எனக்குக் காட்டியதில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. விடைபெற்று வாசலைத் தாண்டும்போது உள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "மொதல்ல வரும்போது மோகனம். கடைசியில பொண்ணத் தூக்கிக்கிட்டு வரும்போது முகாரி. சரியா வரும், இல்ல?" பின்னர் மெல்லிய குரலில் பாடிப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த வேடத்தை அவர் கட்டுவாரா, அதற்கு உடல் இடம் தருமா என்பதைக் காலமே சொல்லும். ஆனால் ஒன்றை உணர்ந்திருக்கிறேன். நூல் நமக்காகக் காத்திருக்கும். நடிகரால் அவ்வாறு காத்திருக்க இயலாது. நாம் போற்றும் கலைஞர் நம்மிடையே வாழும்போதே, போர்வையை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். தரையில் இடம்பிடித்து விழித்திருக்க வேண்டும். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக் கடன்.

திரையை இருவர் பிடித்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னாலிருந்து குரல் எழுந்துவிட்டது. கிரீடத்தின் நுனிக்காகக் காத்திருக்கிறேன்.