மெலிவின் விலை: இவர்டோன் தட்டச்சுப்பொறி முதல் மடிக்கணினி வரை

மடிக்கணினி மெலிய மெலிய அதன் விளிம்பிலிருந்த போர்ட்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன என்பது அதை வைத்துப் பிழைப்பவர்களின் பழைய குறை. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 2016இல் ஆப்பிள் வெளியிட்ட மேக்புக் புரோவிலிருந்து தொடங்குவார்கள். பொறுமை உள்ளவர்கள் 2008இன் மேக்புக் ஏர் வரை பின்னே போவார்கள். இக்கட்டுரை 1935க்குப் போகிறது. சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு பேசும் வோ மாநிலத்தில், நியூஷாத்தெல் ஏரியின் தென்கோடியில் உள்ள இவர்டோன் ஊரிலிருந்து அந்த ஆண்டு வெளிவந்த ஒரு தட்டச்சுப்பொறியில் இன்றைய பேரம் முழுவதும் இருக்கிறது. அதே மாநிலத்தில் 46 ஆண்டு கழித்து முளைத்த இன்னொரு நிறுவனம், கருவிக்கு வெளியே வைக்க வேண்டியவற்றைச் செய்து விற்றே உலகப் பெயர் பெற்றது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், மெலிந்த கருவி எந்த வேலையையும் ஒழித்துவிடுவதில்லை, பயனரின் பைக்கோ மேசைக்கோ அதை மாற்றிவிடுகிறது என்பது தெரியும். மாற்றியதற்கான செலவை யார் சுமந்தார்கள் என்பதுதான் காலத்துக்குக் காலம் வேறுபட்டிருக்கிறது.

மோயீஸ் பையார் 1814இல் ஜூரா மலையில் சேன்ட் குருவா என்ற ஊரில் தொடங்கிய பட்டறை, கடிகாரம், இசைப்பெட்டி, கிராமபோன், பொலெக்ஸ் சினிமா கேமரா என்று பல தொழில்களைத் தொட்டது. 1920களில் ஹெர்மெஸ் என்ற பெயரில் தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கியது. பனிக்காலம் முழுதும் வீட்டுக்குள் அமர்ந்து சிறு உலோகப் பாகங்களை ராவிப் பொருத்திய மலைக்குடும்பங்களின் கைத்திறன் இதற்கு முதலீடாக நின்றது. 1935இல் பொறியாளர் ஜுசெப்பே பிரெசியோசோ வடிவமைத்த ஹெர்மெஸ் பேபி இவர்டோனிலிருந்து வந்தது. உயரம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர், எடை 4 கிலோவுக்கும் குறைவு. தகர மூடியை மேலே கவிழ்த்து இரு பக்கமும் கொக்கியை மாட்டினால் கைப்பிடியோடு ஒரு சின்னப் பெட்டி. பத்திரிகை நிருபர்களிடம் அது பரவியதில் வியப்பில்லை. பிரிட்டனில் வெஸ்ட் பிராம்விச் நகரத் தொழிற்சாலை ஒன்று உரிமம் பெற்று எம்பயர் அரிஸ்டோக்ராட் என்ற பெயரில் இதையே தயாரித்தது.

அந்த 6 சென்டிமீட்டருக்குக் கொடுத்த விலையைப் பொறியின் உடலிலேயே பார்க்கலாம். பெரிய எழுத்துக்கான விசையை அழுத்தினால் எழுத்துக்கூடை கீழே இறங்காது, தாள் ஏற்றிய வண்டி மொத்தமும் மேலே எழும். சுண்டுவிரல் தூக்கும் பளு அது. உருளையின் குறுக்களவு சிறியது. அட்டவணை போட உதவும் டேபுலேட்டர் கிடையாது. வண்டியின் அகலம் நிமிர்ந்த ஏ4 தாளின் 21 சென்டிமீட்டருக்குப் போதும், தாளைப் படுக்கவைத்தால் வரும் 29.7 சென்டிமீட்டருக்குப் போதாது. ஆகவே நிருபருக்கும் நாவலாசிரியருக்கும் ஏற்ற இப்பொறி, பத்தியடுக்காக வரவு செலவு அடிக்க வேண்டிய கணக்கருக்கு உதவவில்லை. இன்றைய மொழியில் சொன்னால் போர்ட்டும் குறைந்தது, திரையும் சுருங்கியது.

பையார் நிறுவனம் இதை மறைக்கவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. எல்லாருக்கும் ஒரே பொறி என்று அது விற்கவும் இல்லை. சுமந்து போகிறவருக்கு பேபி, வீட்டில் வைத்து நிறைய அடிக்கிறவருக்கு ஹெர்மெஸ் 2000, அலுவலகத்துக்கு அம்பாசடர் என்று வரிசை பிரித்தது. 1958இல் வந்த ஹெர்மெஸ் 3000 கையில் தூக்கிப் போகக்கூடிய பொறிதான் என்றாலும் பருத்த, உருண்ட உடல் கொண்டது. பேபியில் விட்டுப்போன டேபுலேட்டர் அதில் இருந்தது. எழுத்தாளர்களும் இப்படியே பிரிந்தார்கள். ஜான் ஸ்டைன்பெக் வைத்திருந்தது பேபி. லாரி மக்மர்ட்ரி 2006இல் கோல்டன் குளோப் விருது மேடையில் பெயர் சொல்லி நன்றி கூறியது ஹெர்மெஸ் 3000க்கு. நன்றி கிடைத்தது பருமனானதற்கே என்பதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் குறித்துக்கொள்ளலாம்.

மெலிவும் வசதியும் எந்த விகிதத்தில் என்ற கேள்விக்கு ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கேயிருந்து வேறு விடை வந்தது. 1950இல் இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் வெளியிட்ட லெத்தேரா 22, மார்ச்செல்லோ நித்சோலியின் வடிவமைப்பு. அதன் உயரம் சுமார் 8 சென்டிமீட்டர். கூடுதலான 2 சென்டிமீட்டரில் டேபுலேட்டரும் சேர்ந்தது. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கி, ஜெர்மனியின் சைடல் அன்ட் நௌமன் நிறுவனத்தில் அதைச் செய்வித்தபோது, பிஜு என்ற கையடக்கப் பொறியும் அதில் வந்தது. 247 எழுத்துகளை ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்க, அடித்த பின்னும் வண்டியை நகர்த்தாத விசைகள் தேவைப்பட்டன. புள்ளியையும் விசிறியையும் தனியே அடித்து, அடிப்படை எழுத்தோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் உழைப்பு தட்டச்சரின் விரலுக்குப் போனது. கருவி சிறுத்தது, கை ஒரு தட்டு அதிகம் தட்டியது.

1981ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் கணு. ஹெர்மெஸ் தட்டச்சுப்பொறித் தொழில் அந்த ஆண்டு ஒலிவெட்டியின் கைக்குப் போனது. அமெரிக்காவில் ஆஸ்பார்ன் 1 என்ற, தூக்கிச் செல்லும் கணினி விற்பனைக்கு வந்தது. எடை 10 கிலோவுக்கு மேல், திரை 5 அங்குலம், ஆனால் முன்முகத்திலேயே இணைப்பிகள். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், மோர்ஜ் நகருக்கு மேலே ஆப்ல் என்ற கிராமத்துப் பண்ணைவீட்டில் டேனியல் பொரெல், பியர்லூயிஜி ஸப்பகோஸ்தா, ஜாகொமோ மரீனி மூவரும் லாஜிடெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயர் சொல்வதுபோல அவர்கள் முதலில் நினைத்தது மென்பொருளைத்தான். நிறுவனத்தைக் காப்பாற்றியது மவுஸ்.

அந்த மவுஸும் வோ மாநிலத்துச் சரக்குதான். லோசான் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியில் ழான்-டேனியல் நிக்கூவின் ஆய்வகத்தில், ஆந்த்ரே கிஞார் என்ற நுண்பொறி வல்லுநரின் கைபட்டு அது உருப்பெற்றது. கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன வாலே த ஜூ பள்ளத்தாக்கின் தெப்ராஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. அதை வாங்கிப் பயன்படுத்தியவர்களில் நிக்லாஸ் விர்த் முக்கியமானவர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1976-77இல் ஓராண்டு தங்கித் திரும்பிய அவர், சூரிக் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியில் லிலித் என்ற பணிநிலையக் கணினியைக் கட்டினார். அது மேசையோடு கிடந்த கருவி. மெலிவைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டவர்கள் நிருபர்கள்தான். 1983இல் கியோசெரா தயாரித்துத் தந்த சட்டகத்தின் மீது டான்டி நிறுவனம் டிஆர்எஸ்-80 மாடல் 100ஐ விற்றது. ஹெர்மெஸின் புதிய உரிமையாளரான ஒலிவெட்டி அதே சட்டகத்தில் எம்10 என்ற கணினியை வெளியிட்டது. மாடல் 100இன் அளவு ஏ4 தாளையொட்டியது. தடிமன் 5 சென்டிமீட்டர், எடை ஒன்றரைக் கிலோவுக்குள், நான்கு சிறு பேட்டரிகளில் ஓடும். ஒரு வரிக்கு 40 எழுத்தாக 8 வரிகள் மட்டுமே காட்டும் திரை. பின்புறத்திலோ அச்சுப்பொறி, தொலைபேசி, கேசட் என்று இணைப்பிகளின் வரிசை. பேபியின் வாரிசு என்று இதைச் சொல்லலாம், ஆனால் பேரம் தலைகீழ். இங்கே திரையை விட்டுக்கொடுத்து இணைப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள். செய்தி அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் எவ்வளவு பெரிய திரையும் நிருபருக்கு வீண்தானே.

அடுத்த 25 ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். திரை வளர்ந்தது, உடல் இளைத்தது, போர்ட்டுகள் பக்கவாட்டில் ஒதுங்கின. ஒரு கட்டத்தில் அளவுகளே குறுக்கே நின்றன. ஈதர்நெட் கம்பியின் ஆர்ஜே-45 முனை 11.7 மில்லிமீட்டர் அகலமும், பூட்டு நாக்கைச் சேர்க்காமலே 8 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதை ஏற்கும் துளைக்குச் சுற்றுச்சுவரும் வேண்டும். சில நிறுவனங்கள் அந்தத் துளையின் கீழ்த்தாடையைக் கீல்வைத்து மடக்கிப் பார்த்தன. கம்பியைச் செருகும்போது தாடை திறக்கும், எடுத்ததும் மூடிக்கொள்ளும். சாமர்த்தியமான ஏற்பாடுதான், ஆனால் கணினியில் எளிதில் உடையக்கூடிய உறுப்பு அதுவாகிவிட்டது. புரொஜெக்டருக்கான விஜிஏ இணைப்பியும் இவ்வாறே வெளியேறியது.

2008 ஜனவரி 15இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அலுவலக உறையிலிருந்து உருவிக் காட்டிய மேக்புக் ஏரின் அதிகபட்சத் தடிமன் 1.94 சென்டிமீட்டர். ஈதர்நெட் இல்லை, வட்டு இயக்கி இல்லை, யுஎஸ்பி ஒன்றே ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் லாஜிடெக் தன் நூறு கோடியாவது மவுஸை அறிவித்தது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று வாதிடுவது அபத்தம், அந்த நூறு கோடியில் பெரும்பகுதி மேசைக்கணினிகளுக்குப் போனது. ஆயினும் உலக அளவில் மடிக்கணினி விற்பனை மேசைக்கணினியை முந்திய காலமும் அதுவே. கணினியோடு சேர்ந்து வந்த விசைப்பலகை, மவுஸ், கேமரா ஆகியவற்றைப் பயனர் தனியே தேர்ந்து, தனியே பணம் கட்டி வாங்கும் பழக்கம் மெலிந்த உடல்களால் உறுதிப்பட்டது. பையாரின் காலத்தில் பேபிக்குத் தனி டேபுலேட்டரை யாரும் பெட்டியில் வைத்து விற்கவில்லை. வேண்டுமென்றால் பெரிய பொறியைத்தான் வாங்க வேண்டும்.

திரையளவின் கதை சற்று வேறு. 2012இல் ஆப்பிள் 17 அங்குல மேக்புக் புரோவைக் கைவிட்டது. திரை விரிந்தால் மூடி வளையாதிருக்கத் தடிமன் கூட்ட வேண்டும், கீல் வலுப்பட வேண்டும். பேட்டரியையோ விருப்பம்போல் பெருக்க முடியாது, ஏனெனில் விமானத்தில் முன் அனுமதியின்றிக் கொண்டுபோகும் வரம்பு 100 வாட்-மணி. ஆகவே பெரிய திரையும் போர்ட்டுகளின் வழியே மேசைக்கு வெளியேறியது. இங்கே யுஎஸ்பி-சிக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். 8.4க்கு 2.6 மில்லிமீட்டர் அளவுள்ள துளை வழியாக மின்சாரம், படம், வலையமைப்பு மூன்றும் போகின்றன. வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் அமரும் சூரிக் ஊழியருக்கு, இரு மேசையிலும் பெரிய திரையும் ஒரே கம்பியும் கிடைத்துவிட்டால் போர்ட் குறைந்தது இழப்பாகத் தோன்றாது. இழப்பு, மேசை சொந்தமில்லாதவருக்கு: ஜன்னலடியில் கையகலப் பலகை மட்டும் உள்ள உள்ளூர் ரயிலில் வேலை செய்பவர், தெரியாத அரங்கின் பழைய புரொஜெக்டரில் பேசப் போகும் விரிவுரையாளர், கேமரா அட்டையோடு அலையும் படப்பதிவாளர்.

2016 மேக்புக் புரோ இவர்களைத்தான் கைவிட்டது. எச்டிஎம்ஐ, எஸ்டி அட்டைத் துளை, காந்தச் சார்ஜர் மூன்றும் போயின. 15 அங்குல மாடலின் தடிமன் 18 மில்லிமீட்டரிலிருந்து 15.5க்கு இறங்கியது. துணைக்கருவி செய்பவர்களே இதில் திணறியது வேடிக்கை. 2021இல் லாஜிடெக் கொண்டுவந்த போல்ட் வயர்லெஸ் ரிசீவர் பழைய யுஎஸ்பி-ஏ முனையோடு வந்தது. ஐந்தாண்டாக அந்தத் துளையே இல்லாத கணினியில் அதைச் செருக இன்னொரு அடாப்டர் தேவை. யுஎஸ்பி-சி முனை கொண்ட ரிசீவர் பிறகே வந்தது.

மெலிவுதான் போர்ட்டுகளைத் துரத்தியது என்ற விளக்கம் ஈதர்நெட்டுக்கும் விஜிஏவுக்கும் பொருந்துகிறது. எச்டிஎம்ஐக்குப் பொருந்தவில்லை. அதன் முனை நாலரை மில்லிமீட்டர் உயரமே, யுஎஸ்பி-ஏயின் உயரமும் அதுதான். 2021 அக்டோபரில் ஆப்பிள் எச்டிஎம்ஐ, எஸ்டி அட்டை, காந்தச் சார்ஜர் மூன்றையும் 16 அங்குல மேக்புக் புரோவில் திரும்பச் சேர்த்தபோது தடிமன் 16.8 மில்லிமீட்டர். 2016 மாடலைவிடக் கூடியது 1.3 மில்லிமீட்டர், அதுவும் பெரிய திரையையும் பெரிய பேட்டரியையும் சேர்த்து. அந்த ஐந்தாண்டு அடாப்டர் வாழ்க்கை பொறியியல் கட்டாயத்தால் வந்ததல்ல, விற்பனைத் தீர்மானத்தால் வந்தது என்றே இவ்வளவுகள் காட்டுகின்றன.

2026 ஏப்ரல் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் மடிக்கணினிகள் யுஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஏற்க வேண்டும் என்பது சட்டம். வேறு எந்தப் போர்ட் இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. ஆனால் நிறுவனங்கள் விளம்பரத்தில் அச்சிடும் எடை கணினியின் எடை மட்டுமே. சார்ஜர், அடாப்டர், மவுஸ், கம்பி அனைத்தையும் பையில் போட்டுத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு எது மெலிந்த கணினி என்று முடிவு செய்யுங்கள்.