நாய்ப் பந்தயமும் மத்தியஸ்தர் கடமையும்

வேட்டை நாய்களின் பந்தயத்தைக் குறித்து நமது பத்திரிகையில் ஒரு வியாசம் வேண்டுமோ என்று வாசகர்களிற் சிலர் நகைக்கக்கூடும். சிறு காரியத்தில் நடுவுநிலை தவறுகிறவர் பெருங் காரியத்தில் அதனைக் காப்பார் என்று நம்புதற்கு இடமில்லை. ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

சென்ற கோடையில் மலையடிவாரத்து ஊரொன்றில் நாட்டு நாய்களுக்கு ஓட்டப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் முயல் வேட்டைக்கு இடமில்லையாதலின், கயிற்றிற் கட்டி இழுக்கப்படும் துணிப்பொதியை நாய்கள் துரத்துவதே பந்தயமாக அமைந்தது. நாகலூரைச் சேர்ந்த நம் இளைஞர் ஒருவரது கன்னி நாயே முந்தியது என்று பார்த்தவர் பலரும் கூறினர். மத்தியஸ்தராக அமர்ந்தவரோ தம் உறவினரது நாய்க்குப் பரிசளித்தார். காரணம் கேட்ட இளைஞரை, மலையிலிருந்து வந்தவனுக்குப் பந்தயம் தெரியுமோ என்று பலர் முன்னிலையில் ஏளனமும் செய்தார். மனம் நொந்த இளைஞர் சிலர், இனி நம்மவர் எவரும் அப்பந்தயத்திற்குப் போகலாகாதென்றும், நமது சங்கம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென்றும் விண்ணப்பித்திருக்கின்றனர். அவர்களுக்கு விடை கூறுமுன் பழைய சரித்திரம் சிலவற்றை நோக்குவோம்.

நம் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களிடையே வழங்கும் கர்ணபரம்பரைக் கதையொன்றை எட்கர் தர்ஸ்டன் என்பார் 1909 இல் வெளியிட்ட தமது பெருநூலிற் குறித்துள்ளார். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் வேட்டைக்குச் சென்றனர். அவர்களுடைய நாய்கள் அவர்களைப் பிரிந்து தனியே வீடு திரும்பின. நாய்கள் மட்டும் வரக் கண்ட மனைவியர், கணவர் மாண்டனர் என்று முடிவு செய்துவிட்டனர். அம்முடிவினால் குடும்பங்கள் சிதைந்தன. அண்ணன்மாரும் வேறு பெண்களை மணந்து மலைகளிற் குடியேறினர் என்பது கதை. பலவாறாக வழங்கும் இக்கதையில் நாம் கொள்ளத்தக்க பொருள் ஒன்று உண்டு. முழுதும் காணாமல், ஒரு பக்கத்து அறிகுறியைக் கொண்டு தீர்ப்பளித்தல் எத்துணைக் கேடு விளைக்கும் என்பதே அது.

நம் மலைக்கு வடகிழக்கே செங்கம் பக்கத்து எடத்தனூரில் 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உளது. பல்லவ அரசன் மகேந்திரவர்மன் காலத்தது அது. பூசலில் உயிர் நீத்த வீரனுக்கு எடுத்த அக்கல்லில் அவனோடு அவனது நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. வீரனுக்கு உரியதை வீரனுக்கும், நாய்க்கு உரியதை நாய்க்கும், பெயர் சொல்லிக் கொடுத்த அவ்வூராரது தீர்ப்பைப் பதின்மூன்று நூற்றாண்டுகளாகக் கல் தாங்கி நிற்கின்றது.

இனி மேனாட்டாரது அனுபவத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் முறைப்படி நடந்த முதல் நாய்க் கண்காட்சி 1859 ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூகாசில் நகரில் நடந்தது. பாயிண்டர், செட்டர் என்னும் இருவகை வேட்டை நாய்களே, ஏறக்குறைய 60, அதில் வந்திருந்தன. பாயிண்டர் வகைக்கு மத்தியஸ்தராக இருந்தவரது நாய் செட்டர் வகையில் முதற் பரிசு பெற்றது. செட்டர் வகைக்கு மத்தியஸ்தராக இருந்தவரது நாய் பாயிண்டர் வகையில் முதற் பரிசு பெற்றது! அந்நாய்கள் உண்மையிலேயே சிறந்தனவாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் நூற்றறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் அக்காட்சியைப் பற்றிப் பேசுவோர் இதனையே முதலிற் பேசுகின்றனர். பரிசு பெற்றவருக்கும் இதனால் நன்மையில்லை. தகுதியாற் பெற்ற வெற்றியும் சந்தேகத்தின் நிழலில் நிற்கின்றது.

இவ்வகைக் காட்சிகள் பெருகவே, 1873 இல் கென்னல் கிளப் என்னும் சங்கத்தை நிறுவிக் காட்சிகளுக்கு விதிகளை வகுத்தனர். 1859 முதல் நடந்த காட்சிகளின் முடிவுகளைத் தொகுத்து அடுத்த ஆண்டே நூலாகவும் அச்சிட்டனர். தாம் மத்தியஸ்தம் செய்யும் காட்சியில் தம் நாயைப் போட்டிக்கு விடலாகாது என்பது இன்று பெரும்பாலான சங்கங்கள் கொண்டுள்ள விதியாகும்.

முயலைத் துரத்தும் பந்தயத்திலும் அவர்கள் ஒரு நல்ல முறையைக் கையாண்டனர். 1836 இல் தொடங்கி 2005 இல் முடிவுற்ற வாட்டர்லூ கோப்பைப் பந்தயத்தில் இரண்டிரண்டு நாய்களாக அவிழ்த்துவிடுவர். ஒன்றின் கழுத்தில் சிவப்புப் பட்டை, மற்றதன் கழுத்தில் வெள்ளைப் பட்டை. குதிரைமேற் சென்று நோக்கும் மத்தியஸ்தர், வேகத்திற்கு இத்தனை, முயலைத் திருப்பியதற்கு இத்தனை என்று புள்ளி கணக்கிட்டு, வென்ற நிறத்தைக் காட்டி முடிவை அறிவிப்பார். உடையவர் பெயரைக் கூறாமல் நிறத்தைக் கூறும் இம்முறை மிகவும் சிலாகிக்கத்தக்கது.

இவையெல்லாம் மேனாட்டாரிடம் நாம் புதிதாய்க் கற்க வேண்டியவை அல்ல. காஞ்சிக்கு அணித்தான உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழனது ஆட்சியில், 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறித்த கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது விட்டவன் மட்டுமன்றி, அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்களும், அத்தை மக்களும், மாமனும், மாமனாரும், மருமகனும் விலக்கப்பட்டனர். குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையிலே வாங்க வேண்டும். வாங்கிப் படித்த பின் அங்குள்ள நம்பிமாரும் படிக்க வேண்டும் என்பது விதி. அவன் யோக்கியன் அல்லன் என்பது அதன் கருத்தன்று. யோக்கியனும் தன் கையை விரித்துக் காட்டக் கடமைப்பட்டவன் என்பதே கருத்து.

இங்கு நாம் வெட்கத்துடன் ஒன்றைக் கூறியாக வேண்டும். நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஈராண்டுகளுக்கு முன் இத்தகைய பந்தயம் நடந்தபோது, நமது காரியக் கமிட்டி அங்கத்தினர் ஒருவரே மத்தியஸ்தராக இருந்தார்; பரிசு அவருடைய மருமகனது நாய்க்குப் போயிற்று. அயலூரிலிருந்து வந்தவர் ஒருவர் முணுமுணுத்தார். நாமோ, நம்மவர்க்குத்தானே கிடைத்தது என்று வாளாவிருந்தோம். அன்று நமக்கு நேர்மையாகத் தோன்றியது இன்று பிறர் செய்யும்போது அநீதியாகத் தோன்றுவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை கூறாமல் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுதல் நமக்கு அழகன்று.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் கூறுவது இது. பந்தயத்திற்குப் போங்கள். போகுமுன், மத்தியஸ்தர் யார், போட்டியிடுவோருள் அவருக்கு உறவினர் உளரோ என்று நடத்துவோரைக் கேளுங்கள். அதனைப் பந்தயத்திற்கு முன் கேட்பது உரிமை, பின் கேட்பது சண்டை. தவறு நேர்ந்தால் களத்திற் கூச்சலிடாமல், அன்றே எழுத்து மூலமாக, பெரியவர் ஒருவர் கையால் நடத்துவோரிடம் கொடுங்கள். பரிசு பெற்ற நாயின் சொந்தக்காரரை இகழாதீர்கள். தீர்ப்பு அவர் எழுதியதன்று. தோற்ற கோபத்தை வாயில்லாப் பிராணியிடம் காட்டாதீர்கள். அது தன்னால் இயன்றவரை ஓடிற்று. ஏளனம் செய்தவருக்கு ஏளனத்தால் விடையளித்தால், பார்த்தவர் இருவரையும் ஒரு தட்டிலே வைப்பர்.

சங்கத்தார்க்கு நாம் கூறுவதும் ஒன்று உண்டு. வருகின்ற ஆண்டு விழாவில் மத்தியஸ்தர் மூவரையும் வேற்றூரிலிருந்து அழைப்போம். நாய்களுக்குப் பெயரின்றி நிறப் பட்டைகளே கட்டுவோம். ஒவ்வொருவர் இட்ட புள்ளியையும் அன்றே பலகையில் எழுதி வைப்போம். ஈராண்டுகளுக்கு முன் முணுமுணுத்துச் சென்ற அவ்வயலூராரை நேரிற் சென்று அழைத்து, முன்வரிசையில் அமர்த்துவோம். அவர் நமது விழாவிலிருந்து மனநிறைவோடு திரும்பிச் சென்ற பின், அடிவாரத்து மத்தியஸ்தருக்கு எழுதவேண்டிய கடிதத்தை எழுதுவோம். அப்பொழுது அதற்கு மதிப்பிருக்கும்.