நகர மண்டபத்தின் பதினெட்டுத் தூண்கள்

சிங்கப்பூர்ப் பாடாங் திடலில் நின்று நகர மண்டபத்தை நோக்கினால் முதலில் நம் கண்ணில் படுபவை தூண்களே. மொத்தம் 18. உச்சியில் இலைக்கொத்து விரிந்த கொரிந்தியத் தூண்கள். பழைய ரோமாபுரிக் கோயில்களின் இந்தத் தோற்றத்தையே அக்கால ஆங்கிலேயர் தம் நகராட்சி மாளிகைகளுக்கு விரும்பித் தேர்ந்தனர். நேற்று வந்த ஆட்சிக்கு நெடுங்காலப் பழமையின் சாயல் தேவைப்பட்டது போலும்!

1926-இல் தொடங்கிய வேலை 1929-இல் முடிந்தது. வடிவமைத்தவர்கள் நகராட்சிக் கட்டடக் கலைஞர்களான கோர்டன்ஸ், மெடோஸ் ஆகிய இருவர். தூண்களை உருவாக்கியவர் இத்தாலியரான ரூடொல்ஃபோ நொல்லி. தொலைவிலிருந்து பார்ப்பவர் கருங்கல் மாளிகை என்றே எண்ணுவர். உண்மையில் அது ஷங்காய்ப் பூச்சு. சிமெண்டோடு கல் நொறுங்கல் கலந்து பூசியது. பூச்சுத்தானே என்று நாம் இகழ வேண்டியதில்லை. வெயிலையும் மழையையும் தாங்கி இன்றும் நிற்கிறது.

ஆனால் இந்தப் பெருமை யாருடையது? மாளிகை எழுந்தபோது நகராட்சி உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தேர்தலை நீக்கிவிட்டது, ஆளுநரே நியமித்தார். வரி கொடுத்தவர்கள் எல்லா இனத்தாரும். நகராட்சிக்காகச் சாலை போட்டவர்களிலும் துப்புரவு செய்தவர்களிலும் நம் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். அந்தத் தூண்களைத் தாண்டி உள்ளே அமர்ந்து பேசும் உரிமை அவர்களுக்கு எங்கே இருந்தது?

1945 செப்டம்பர் 12 அன்று, இம்மண்டபத்தில்தான் ஜப்பானியத் தளபதி இத்தாகாகி, மவுண்ட்பேட்டன் பிரபுவின் முன் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். வென்றவர்களும் தம் வெற்றியைக் காட்ட இந்தப் படிக்கட்டுகளையே தேடி வந்தனர். 1949-இல் உறுப்பினரில் பெரும்பாலோரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் வந்தது. ஆயினும் வாக்குரிமை சிலருக்கே. 1951-இல் சிங்கப்பூர் மாநகரமானதும் கட்டடத்தின் பெயரும் நகர மண்டபம் என மாறியது.

1957 டிசம்பரில்தான் நிலைமை புரண்டது. உறுப்பினர் அனைவரும் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய நகரசபை கூடியது. மேயர் ஓங் எங் குவான். பொதுமக்கள் உள்ளே நெருக்கியடித்து நிற்க, காலனி ஆட்சியின் அடையாளமான செங்கோலை அப்புறப்படுத்தச் சபை முடிவு செய்தது. கட்டியவர்கள் கண்டிருந்தால் திகைத்திருப்பர்.

1959 ஜூனில் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூரின் முதல் அமைச்சரவை பதவிப் பிரமாணம் செய்ததும் இங்கேதான். அந்த ஆண்டே நகரசபையும் மேயர் பதவியும் மறைந்தன. மாளிகை மட்டும் எஞ்சியது. அருகிலிருந்த பழைய உச்சநீதிமன்றத்தோடு இணைக்கப்பட்டு, 2015 நவம்பரில் தேசியக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் நியமன உறுப்பினர்கள் ஏறிய படிகளில் இப்போது பள்ளிப் பிள்ளைகள் ஓவியம் பார்க்க ஏறுகிறார்கள்.